இரண்டு நெஞ்சும் பழுதான வீடு

ஆகஸ்ட் 18, திங்கள்

டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தினமும் எழுத வேண்டுமாம். என்ன செய்தபோது மூச்சு வாங்கியது, கால் வீங்கியதா, விரல் நிறம் மாறியதா. "ரெண்டு வரி போதும் எமெல்டா" என்றார். ரெண்டு வரியில் அடங்குகிற ஆளா நான்? தூத்துக்குடித் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவள். நான் வாய் திறந்தால் ஏலக்கூடத்தின் கடைசித் தூணில் சாய்ந்து பீடி குடிப்பவனுக்கும் கேட்கும். அவருக்கு வேண்டியதைத் தனித்தாளில் எழுதிக் காட்டிவிடுகிறேன். மிச்சம் எனக்கு.

நோயின் பெயர் ஸ்கிளிரோடெர்மா. வாயில் நுழையாத பெயர், நுழைவதற்கு வாயும் பழைய வாயில்லை. உதடு சுருங்கி, இட்லியைக்கூடக் கிள்ளிக் கிள்ளித்தான் போடுகிறேன். முதலில் விரல்தான். ஐஸில் கை வைத்தால் சுண்ணாம்பாக வெளுத்து, அப்புறம் நீலமாகும். ஐஸில் வேலை செய்தால் அப்படித்தான் என்று நானே விட்டுவிட்டேன். பிறகு தோல் இறுகியது. கல்யாண மோதிரம் கழலாமல் வெட்டித்தான் எடுத்தார்கள். முகமும் இறுகிவிட்டது. இப்போது மூச்சு. டாக்டரம்மா முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, செருப்பில் ஒட்டுகிற பட்டையைப் பிரிக்கிற சத்தம் உள்ளே கேட்கிறது என்றார். வெளியே தோல் இறுகுவது போல உள்ளே நுரையீரலும் இறுகுகிறதாம். இருதயத்தையும் படம் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்காரர் கிளாரன்சுக்கும் நெஞ்சு சரியில்லை. ஸ்டென்ட் வைத்த பிறகு கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, மீன் பெட்டி ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இரண்டு நெஞ்சும் பழுதான வீடு. ஆனால் அவர் நெஞ்சுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க நான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று ஒருத்தன் மண்டையை உடைத்தேன்.

நல்ல சீலா மீன் வந்திருந்தது. கூவிக்கொண்டு போகிறேன், விலை ஏறுகிறது. ஒருதரம் சொன்னேன். ரெண்டுதரம் சொன்னேன். மூன்றாவதற்கு வாயைத் திறந்தால் காற்று இல்லை. மூணுதரம் என்று சொல்லி முடித்தால்தான் பெட்டி கைமாறும், இது எங்கள் கூடத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். ஏலம் கேட்டுக்கொண்டிருந்த வெளியூர் லாரிக்காரன் ஒருத்தன், நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டே சொன்னான். "அக்கா நிறுத்திட்டாங்கல்லா, எனக்குத்தான்."

"பெட்டில கை வைக்காத" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அவன் சிரித்தான். ஐஸ் அள்ளுகிற சட்டியால் அடித்தேன். விரல் மடங்காததால் பிடி சரியில்லை, இல்லாவிட்டால் இன்னும் நன்றாக விழுந்திருக்கும். சங்கத்தில் கூட்டம் போட்டு, மூன்று வாரத்துக்கு ஏலக்கூடத்துப் பக்கம் வராதே என்றார்கள். மூச்சு வரவில்லை என்று சொல்லலாம்தான். சொன்னால் அந்த இடத்தில் நாளையே வேறு ஒருத்தி நிற்பாள்.

டாக்டரம்மாவின் தாளில், கனமான பொருளைத் தூக்கியபோது மூச்சு வாங்கியது என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். சங்கத்தில் தலை குனிய வைத்துவிட்டேனாம். முதல் அடியை வாங்கிக்கொண்டு பார்த்தேன். அழுகைதான் வந்தது. ஆனால் இந்த முகத்தில் எது வந்தாலும் வெளியே தெரிவதில்லை. தோல் இழுத்துப் பிடித்துப் பல்தான் தெரிகிறது.

"என்னட்டி, சிரிக்கியா? அடிச்சாச் சிரிக்கியா?"

சிரிக்கிறேன் என்று நினைத்து இன்னும் அடித்தார். திமிராம்.

முன்பெல்லாம் எனக்கு ஒரு வழி இருந்தது. இவர் கை ஓங்கினதும் கத்துவேன். எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிடும். இவர் வீட்டுக்குள் புலி, தெருவுக்குத் தங்கமான மனிதர். கை தானாக இறங்கும். இத்தனை வருடக் குடித்தனம் அந்தக் கத்தலில்தான் ஓடியது. இன்று கத்தப் பார்த்தேன். பூனை சீறுகிற அளவுக்குத்தான் வந்தது. அதை இவரும் கவனித்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இருதயப் படம் வந்துவிட்டது. டாக்டரம்மா படம் வரைந்து சொன்னார்.

"நுரையீரலுக்கு ரத்தம் கொண்டு போற குழாய் இறுகிக் குறுகிப் போச்சு எமெல்டா. இருதயத்தோட வலது பக்கம் அந்தச் சந்துக்குள்ள முட்டி முட்டித் தள்ளுது. அதான் மூச்சு, அதான் கால் வீக்கம். இப்படியே விட்டா இருதயம் ஓய்ஞ்சிரும்."

"எம்புட்டு நாளு டாக்டர்?"

"மாத்திரை இருக்கு. அந்தக் குழாயை விரிச்சுக் குடுக்கும். மூணு வேளை. ஒரு வேளைகூட விடக் கூடாது, திடீர்னு நிறுத்தவே கூடாது."

மாத்திரையின் பெயர் சில்டெனாபில். இதுவும் வாயில் நுழையவில்லை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இரண்டு அட்டைதான் இருந்தது, மீதியை வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதினார்கள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெண், வெயில் கண்ணில் படுகிறதா என்று கேட்டுத் திரையை இழுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கோயில் படியை நிற்காமல் ஏறினேன். மாத்திரை வேலை செய்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

மருந்துச் சீட்டை இவர் கையில் கொடுத்து அனுப்பினது என் தப்பு. மருந்துக்கடைக்காரன் இவருடைய சீட்டாட்டச் சேக்காளி. சீட்டைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். யாருக்கு என்று கேட்டிருக்கிறான். பொண்டாட்டிக்கு என்று இவர் சொல்ல, கடையில் இருந்த நான்கு பேரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள்.

வந்ததும் கதவைச் சாத்தினார்.

"எவனுக்குட்டி அந்த மாத்திரை?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நெஞ்சுக்கு என்றேன். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். அது ஆம்பிளைகள் கட்டிலுக்குப் போவதற்கு முன் எடுக்கிற மாத்திரையாம். ஊர் உலகத்துக்கே தெரியுமாம். எவனுக்கு வாங்கிக் கொடுக்கிறாய், ஏலக்கூடத்தில் எவன், லாரிக்காரனா, அதனால்தான் அவனை அடித்தது போல நாடகமா என்று கேட்டுக் கேட்டு அடித்தார். டாக்டரம்மா தந்தது என்று சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே மூச்சு முடிந்துவிடுகிறது. மிதி விழுந்தது விலாவில். கத்த முடியவில்லை. பக்கத்து வீட்டு டிவி சத்தம் எனக்குக் கேட்கிறது, என் சத்தம் அங்கே போகவில்லை.

வாங்கி வந்த ஒரு அட்டையையும் வீட்டில் மிச்சமிருந்ததையும் சாக்கடையில் வீசினார். இன்னொன்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

செப்டம்பர் 4, வியாழன்

கால் வீங்கிவிட்டது. தண்ணீர்க் குடத்தைத் தொடவே முடியவில்லை.

அண்ணன் ஷெல்டனுக்குப் போன் போட்டிருந்தேன். வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எங்க அந்த நாயி?" என்று துள்ளினான். என் அண்ணன் என் அண்ணன்தான் என்று பெருமையாக இருந்தது. இவர் அவனை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதில் ஏதோ சொன்னார். திரும்பி வந்த முகம் வேறு.

"மாத்திரை இருந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"அண்ணே, அது என் நெஞ்சுக்கு..."

அறைந்தான். அப்பா சாகும்போது என் கையை அவன் கையில் பிடித்துக் கொடுத்தார். அந்தக் கையால் அறைந்தான்.

"என்ன மாத்திரைன்னு கேளேன்! சொல்லேன்!" என்றேன். அவன் கண்ணில் தண்ணீர். கூடப் பிறந்தவளிடம் எப்படிச் சொல்வான்? இவர்கள் யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நான் பதில் சொல்லலாம். சொல்லாமலே அடிக்கிறதில் அவர்களுக்கு எவ்வளவு வசதி. சோறு சாப்பிடாமல் போய்விட்டான். சாளைக் குழம்பு அவனுக்காகத்தான் வைத்தேன், பூனைக்குக் கொட்டினேன்.

செப்டம்பர் 6, சனி

இந்த மனுஷனுக்குத் திடீரென்று வயசு குறைந்துவிட்டது. மீசைக்கு மை. விசில். நான் வேண்டாம் என்றேன். மூச்சு முட்டுகிறது என்றேன். தள்ளினேன். தள்ளுகிற பலம் கையில் இல்லை.

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்த நாள். கோயிலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தார். போலீசுக்கு எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்றார். வீட்டுக்காரர் சாக்கடையில் போட்டுவிட்டார் என்றேன்.

"எல்லாத்தையும் போட்டாரா, இல்ல அவரே எடுத்துக்கிட்டாரா? சில வீட்டுல அப்படியும் நடக்குது."

நான் சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன்.

"விளையாட்டில்ல எமெல்டா. உங்களுக்கு இது மருந்து. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறவங்க இதைச் சாப்பிட்டிருந்தா, ரெண்டும் சேர்ந்து ரத்த அழுத்தம் அப்படியே விழுந்திரும். ஆளே போயிரலாம். வீட்டுல அப்படி யாராச்சும் இருக்காங்களா?"

இல்லை என்றேன்.

புது அட்டைகள் கொடுத்தார்கள். வருகிற வழியில் பனங்கற்கண்டு வாங்கினேன். விலா வலிக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு, துணி துவைத்துப் போட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

மாத்திரையை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். எடுக்கக் குனிந்தால் மூச்சு வாங்குகிறது. அதனால் டிவி மேலேயே வைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது ரவிக்கைக்குள் இருக்கிறது.

இவருடைய அண்ணன் பெர்க்மான்ஸ் வந்திருந்தார். கோயில் கமிட்டியில் இருப்பவர், சட்டைக் கழுத்தில் வேர்வை படாத மனுஷர். தம்பியும் அண்ணனும் வாசலில் நின்று குசுகுசுவென்று பேசிப் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி சிரித்தார்கள். போகும்போது பெர்க்மான்ஸ் அத்தான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். என்னைப் பார்த்து, "உடம்ப நல்லாப் பாத்துக்கம்மா" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அட்டையில் நான் எடுக்காதது குறைகிறது. எலியாக இருக்கும். வீட்டில் எலித் தொல்லை அதிகம்.

செப்டம்பர் 15, திங்கள்

கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், நெத்திலிக்கு மட்டும். சின்னக் கூறு, சின்ன மூச்சு போதும். மூன்று தரமும் முழுசாகச் சொன்னேன்.

செப்டம்பர் 17, புதன்

உட்கார்ந்து எழுத முடியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறேன். முகத்தில் ஆக்சிஜன் முகமூடி.

காலையில் ஐஸ் பெட்டி ஏற்றும்போது இவருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. சட்டையைக் கழற்றி வேறு வண்டியில் போட்டிருந்திருக்கிறார், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அதோடு போய்விட்டது. பெர்க்மான்ஸ் அத்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஷெல்டனும் வந்துவிட்டான். நான் கடைசியில் வந்தேன். ஆஸ்பத்திரிச் சரிவில் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். கண் இருட்டியது. வரும்போது என்ன நினைத்தேன் என்று கேட்டால், ஒன்றும் நினைக்கவில்லை. ஏற வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அவசரப் பிரிவில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் இவர் மாரில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தார். நர்ஸிடம் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை எடுக்கச் சொன்னார். அப்படியே எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஆண்மைக்கு மாத்திரை ஏதாச்சும் எடுப்பாரா? நேத்து, இன்னைக்கு? சில்டெனாபில் மாதிரி? மறைக்காதீங்க. எடுத்திருந்தா இதைக் குடுக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து."

முதல் முறையாக ஒரு ஆம்பிளை அந்தப் பேரை எல்லார் முன்னாலும் சொன்னார். இவருக்கு நினைவு இருந்தது. கேட்டது. தலையை இல்லை என்று ஆட்டினார். வலியில் வாய் கோணியிருக்கிறது, ஆனாலும் ஆட்டினார்.

பெர்க்மான்ஸ் அத்தான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "என்ன சார் கேக்கிய? கௌரவமான குடும்பம் சார் நாங்க. எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கெடையாது."

ஷெல்டன் தரையைப் பார்த்தான்.

நான் டிவி மேல் இருந்த அட்டையைக் காலையில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அத்தனை குமிழும் உடைந்திருந்தது.

நர்ஸ் மாத்திரையைப் பிரித்துவிட்டாள். அவள் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம்தான். பேசாமல் இருந்தால் போதும், யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த நொடி பெர்க்மான்ஸ் அத்தான் மறுபடியும் "கௌரவமான குடும்பம்" என்றார். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம். அன்பு என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயில் போடுவேன். இந்த ஒரு மாத்திரைக்காக என்னைச் சுவரில் மோதினார்கள், விலாவில் மிதித்தார்கள், கூடப் பிறந்தவன் அறைந்தான். இன்று அதே மாத்திரை அவர்களுடையது என்றதும் மூன்று ஆம்பிளைக்கும் அதைச் சொல்ல வாயில்லை.

"எடுத்தாரு" என்றேன்.

அத்தான் சட்டென்று திரும்பி என் வாயைப் பொத்தினார். "இவளுக்குப் புத்தி சரியில்ல சார்." உள்ளங்கை மூக்கையும் சேர்த்து அமுக்கியது. இருக்கிற மூச்சே கொஞ்சம், அதையும் பிடுங்கினால்? கடிக்க வாய் விரியவில்லை. என் விரல்கள் மடங்காது, நிமிராது, கொக்கி மாதிரி இறுகி நிற்கும். அந்த விரலை அப்படியே அவர் தொண்டைக் குழியில் குத்தினேன். இரண்டாவது முறை கண்ணைப் பார்த்துக் குத்தினேன். ஐயோ என்று கையை எடுத்தார்.

கத்தினேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "எடுத்தாரு! சில்டெனாபில்! என் நெஞ்சு மாத்திரைய அட்டையோட திருடித் தின்னாரு! இன்னைக்குக் காலைலயும் தின்னாரு! இந்தக் கௌரவமும் வாங்கித் தின்னிச்சு!"

அவசரப் பிரிவு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டாக்டர் நர்ஸின் கையைத் தட்டிவிட்டார், மாத்திரை தரையில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் இவர். இவருக்கு ஒரு முகமூடி, எனக்கு ஒரு முகமூடி.

செப்டம்பர் 18, வியாழன்

இவருக்கு இன்னொரு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

யாரும் நன்றி சொல்லவில்லை. அத்தான் கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "குடும்ப மானத்தச் சந்தி சிரிக்க வச்சிட்டியே" என்றார். ஷெல்டன் ஆப்பிள் வாங்கி வந்து என் கட்டில் காலடியில் உட்கார்ந்தான். "தெரியாம அடிச்சிட்டேன்ட்டி" என்றான். "தெரிஞ்சிக்கக் கேட்டியா?" என்றேன். ஒரு ஆப்பிளை எடுத்து நீட்டினான். ஆப்பிளை என்னால் கடிக்க முடியாது என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

மதியம் டாக்டரம்மா வந்தார். என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நாடி பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு திரை மட்டும்தான்.

"வீட்டுல நெஞ்சுவலிக்காரங்க யாரும் இல்லன்னு சொன்னீங்களே எமெல்டா?"

"மறந்துட்டேன் டாக்டர்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். இந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. நோய் கொடுத்த வசதி அது ஒன்றுதான்.

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

செப்டம்பர் 24, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். நான் குழம்பு வைத்தேன். இவர் கடையில் பரோட்டா வாங்கிவரச் சொல்லித் தின்றார். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

மாத்திரை அட்டையை மாதா படத்துக்கு முன்னால், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். மூன்று வேளையும் தவறாமல் எடுக்கிறேன். யாரும் தொடுவதில்லை. எலி போய்விட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் இவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"நான் எடுக்கேன்னு ஒனக்கு முன்னாலயே தெரியுமாட்டி?"

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டரு அன்னைக்கே சொல்லிட்டாங்களா? ரெண்டும் சேந்தா ஆவாதுன்னு? கேக்கேன்லா. சொல்லு."

பேசவில்லை. மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொள்ளட்டும். இவர் கை ஓங்கவில்லை. சுவர்ப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் இந்த மனுஷன் என்னிடமிருந்து தள்ளி உட்கார்ந்ததை இன்றுதான் பார்க்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து எழுத என்ன இருக்கிறது.

காப்பி போட்டேன். நுரை வர ஆற்றிக் கையில் கொடுத்தேன். வாங்கினார். தம்ளருக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். திருப்பி நீட்டினார்.

"மொதல்ல நீ குடி" என்றார்.

குடித்தேன். நல்ல காப்பி. முழுவதையும் குடித்துவிட்டு, இவருக்கு வேறு போடப் போனேன்.